சங்கானைச் சந்தை மதிலில் நிவேதனா

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னாலுள்ள மாடிக் கட்டடத்தில் நிவேதனா ஒரு பனை உயரத்துக்கு நிற்கிறாள். அரக்குக் கூறைச்சேலை, நெற்றிச்சுட்டி, மார்பு நிறைய நகை, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. பருத்தித்துறை பஸ்ஸில் வந்து இறங்குகிற சனம் முதலில் அவளைத்தான் அண்ணாந்து பார்க்கும், பிறகுதான் குடையை விரிக்கும். இரண்டு வருஷமாக வெயிலிலும் மழையிலும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. மாறுவதற்கு அது என்ன மனுசச் சிரிப்பா, விளம்பரச் சீலையில் அச்சடித்த சிரிப்புத்தானே.

நட்சத்திரம் என்றால் நீங்கள் சென்னை நட்சத்திரத்தை நினைக்க வேண்டாம். இங்கேயே எடுத்து, இங்கேயே ஓடி, பிறகு கனடாவிலும் லண்டனிலும் மண்டபம் பிடித்துக் காட்டுகிற எங்கள் படங்களின் நட்சத்திரம். ஏழு படம், கணக்கில்லாத பாட்டு வீடியோ. போதாததற்குச் சேலைக்கடை, நகைக்கடை, கலியாண மண்டபம் என்று எல்லாருடைய விளம்பரத்திலும் அவள்தான் மணப்பெண். எத்தனை தரம் கூறை உடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வயது முப்பத்துமூன்று. சொந்தக் கலியாணம் மட்டும் ஒன்றும் சரிவரவில்லை. படத்தில் நடிக்கிற பெட்டையைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை, கட்டத்தான் ஆளில்லை.

வீட்டில் வைத்த பெயர் சிவகௌரி. பண்டத்தரிப்பில் வெங்காயமும் கத்தரியும் பயிர்செய்கிற நமசிவாயத்தாரின் ஒரே மகள். இப்போது கோண்டாவிலில், பத்மாவதி என்ற அம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் எடுத்துத் தனியாக இருக்கிறாள். கொரோனா போய் எத்தனையோ காலமாகியும் யாழ்ப்பாணத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு மரக்கறி வாங்கப் போகிற ஒரே ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். கழற்றினால் போனைத் தூக்கிவிடுவார்கள். ஒருமுறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்ததைக்கூட ஆரோ எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே முந்நூறு பேர் வந்து அவள் இடுப்பைப் பற்றிக் கதைத்தார்கள்.

அவளைக் கூப்பிடாத கொண்டாட்டம் இல்லை. கடை திறக்க, கேக் வெட்ட, பரிசு கொடுக்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் கலியாணம் சொல்வதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, குங்குமம் சந்தனம் நீட்டி, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படிக் கோண்டாவில் ஒழுங்கைக்குள் வந்து அவளிடம் சொன்னவர்கள் ஒருவருமில்லை. போனில் ஒரு செய்தி வரும்: அக்கா, இத்தனை மணிக்கு வந்தால் படம் எடுக்கலாம். அவளும் போய் நிற்பாள். படம் எடுத்து முடிந்ததும் பந்தியில் தனக்குப் பக்கத்துக் கதிரை ஏன் வெறுமையாகவே கிடக்கிறதென்று யோசித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவாள்.

இதெல்லாம் பெரிய துக்கமில்லை. பெரிய துக்கம் வேறு. அவளுடைய தகப்பன் அவளோடு கதைத்து இரண்டு வருஷம்.

அம்மா இருந்தவரைக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. நமசிவாயம் படத்தைப் பற்றி முணுமுணுப்பார், ஆனால் மகள் வந்தால் வெங்காயப் பூ வறையும் மீன் குழம்பும் வைக்கச் சொல்லிவிட்டுக் கூட இருந்து சாப்பிடுவார். அம்மா சாகிறபோது சிவகௌரி பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். விஷயம் போனில் வந்தது. கண் மையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் வண்டி பிடித்துக்கொண்டு ஓடினாள். முற்றத்தில் கிடத்தியிருந்த அம்மாவைக் கண்டதும் விழுந்து கத்தினாள். மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பாக ஓடியது. பறை மேளம் நின்ற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால், சுற்றிவர ஏழெட்டுப் போன்கள். மாமன் மச்சான் முறையான பெடியன்கள்கூட எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று பின்னேரமே அந்த வீடியோ உலகமெல்லாம் போய்விட்டது. ஆரோ புண்ணியவான் அதற்கு ஒரு சோகப் புல்லாங்குழலும் போட்டிருந்தான். 'தாயின் மறைவில் கதறும் நிவேதனா, கல்லும் கரையும் காட்சி.' கீழே சனம் எழுதியிருந்தது: என்னவொரு நடிப்பு. இதுக்கு விருது குடுக்க வேணும். மேக்கப்போடை வந்திருக்கிறா பாருங்கோ.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள் குணலட்சுமி மாமி, நமசிவாயத்தின் தங்கைதான், தன்னுடைய போனைக் கொண்டுவந்து அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், சொந்த வீட்டு வாய்க்கு மட்டும் எங்கே இருக்கிறது? நமசிவாயம் முழுவதையும் பார்த்தார். புல்லாங்குழலையும் கேட்டார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"கொம்மாவின்ரை செத்தவீட்டிலையும் நடிச்சுப்போட்டாய், என்ன?"

"அப்பா, நான் நடிக்கேல்லை."

"ஊர் முழுக்கச் சொல்லுது."

"ஊர் சொன்னால்? நீங்கள் என்னைப் பாக்கேல்லையோ?"

"நான் கொம்மாவைப் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார் அவர்.

அழுதால் அதுவும் நடிப்பென்று ஆகிவிடும் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு நெஞ்சு கல் என்று நினைத்தார் மனுசன். அழுதாலும் குற்றம், அழாவிட்டாலும் குற்றம். செலவு முடிந்து வெளிக்கிடும்போது வாசல் படலையில் நின்று "போட்டு வாறன் அப்பா" என்றாள்.

"வர வேண்டாம். எனக்கு நீயும் செத்திட்டாய் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்," என்றார் நமசிவாயம்.

அதோடு சரி. அவள் எடுத்த போனை அவர் எடுக்கவில்லை, பிறகு நம்பரையும் மாற்றிவிட்டார். வீட்டிலோ சந்தையிலோ அவர் முன்னால் அவள் பெயரை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. அவளுக்கும் அன்றிலிருந்து ஒரு வியாதி. அழுகை வருவதில்லை. படப்பிடிப்பில் கிளிசரின் விட்டால் மட்டும் கண்ணீர் வடியும். வீட்டில் தனியாக இருந்து அம்மாவின் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் காய்ந்துபோய்க் கிடக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் றோய் ஒரு படம் தொடங்கினான். றோய் குருநகர்ப் பெடியன், இருபத்தெட்டு வயது, நல்ல கெட்டிக்காரன், மறதி மட்டும் கொஞ்சம் கூட. கதை என்னவென்றால், புகழ்பெற்ற நடிகை ஒருத்தி சாகிறாள். அவளுடைய பழைய காதலன் சந்தையில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்ரரைப் பார்த்து அதிர்ந்து நிற்கிறான். நடிகைக்கு வேறு பெயர் எதற்கு, நிவேதனா என்றே இருக்கட்டும், அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்றான் றோய். அவளும் சிரித்துக்கொண்டு சம்மதித்தாள். சிவப்பும் கறுப்புமாக இருபது போஸ்ரர் அடித்தார்கள். அமரர் நிவேதனா, தோற்றம், மறைவு, நடுவில் அவளுடைய சிரித்த முகம். வெள்ளிக்கிழமை காலை சங்கானைச் சந்தை மதிலில் ஒட்டி, காதலனை நிறுத்தி எடுத்தார்கள். அன்று அவளுக்குக் காட்சி இல்லாததால் அவள் போகவில்லை. எடுத்து முடிந்ததும் பசி. எல்லாரும் இடியப்பம் சாப்பிடப் போய்விட்டார்கள். மதிலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய ஏழு மணிக்கு றோய் போன் எடுத்தான்.

"அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு. சங்கானையிலை ஒட்டின போஸ்ரரைக் கழட்ட மறந்துபோனம். ஆரோ படமெடுத்துப் பேஸ்புக்கிலை போட்டிட்டாங்கள். இப்ப நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு ஒரே கதை."

"நான் உயிரோடைதான் இருக்கிறன் தம்பி."

"அது எனக்குத் தெரியும் அக்கா. நீங்கள் சின்னதா ஒரு வீடியோ போடுங்கோ, நல்லாயிருக்கிறன் எண்டு. நான் இப்பவே ஆளனுப்பி உதுகளைக் கழட்டுவிக்கிறன்."

அவள் போனைத் திறந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கில் இரங்கல். கைகூப்பிய பொம்மைகள், அழுகிற பொம்மைகள். கூட நடித்த கதாநாயகன் இருவரும் சேர்ந்து நின்ற படத்தைப் போட்டிருந்தான், அவன் முகம் பெரிதாகவும் அவள் முகம் கரையிலுமாக. இணுவிலில் இருக்கிற மேக்கப் பிள்ளை தர்சிகா, ஸ்கூட்டியில் வந்தால் பத்து நிமிசம், 'எங்களை விட்டுட்டுப் போக எப்பிடி அக்கா மனம் வந்தது' என்று பாட்டோடு போட்டிருந்தாள்.

அப்போதுதான் சிவகௌரிக்கு அந்த எண்ணம் வந்தது. நல்லதுக்குச் சொன்னால் போ, கெட்டதுக்குச் சொல்லாமலே போ என்பது எங்கள் ஊர்ச் சட்டம். கலியாணத்துக்குத்தான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்ல வேண்டும். செத்தவீடென்றால் கேள்விப்பட்டவன் உடுப்பை மாற்றிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான். ஏழு வருஷம் கதைக்காத பகையாளியும் வருவான், வந்து ஒரு கதிரையில் இருப்பான். அப்படியென்றால் இன்றைக்குத் தன் வீட்டுக்கு ஆர் ஆர் வருவார்கள்?

"பின்னேரம் வீடியோ போடுறன்," என்றாள்.

"ஏன் அக்கா பின்னேரம்?"

"தலைக்கு எண்ணெய் வைச்சிருக்கிறன். போஸ்ரரையும் பிறகு பாப்பம், அவசரப்படாதை."

தப்புத்தான். தப்பென்று அவளுக்கும் தெரியும். ஆனால் தனிமை என்பது மனுசரை இப்படியான விசர் வேலைகளும் செய்ய வைக்கும்.

பத்மாவதி அம்மா ஒவ்வொரு செவ்வாயும் தெல்லிப்பழை துர்க்கை அம்மனிடம் போய்விடுவா, அதனால் வளவில் வேறு ஒருவரும் இல்லை. சிவகௌரி முற்றத்தைக் கூட்டினாள். தண்ணீர் தெளித்தாள். வீட்டுக்காரியின் பிளாஸ்ரிக் கதிரைகள் ஆறையும் எடுத்துத் துடைத்து ஜாம் மரத்துக்குக் கீழே வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டுத் தானே வெட்கப்பட்டு இரண்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். பிறகு யன்னலோரம் இருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணி. ஒன்பது மணி. மீன்காரன் கூவிக்கொண்டு போனான். பள்ளிக்கூடம் பிந்திய பிள்ளையொன்று அழுதுகொண்டு போனது. ஒன்பதரைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் படலைக்கு முன்னால் நின்றது. அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ஹெல்மெற் போட்ட இளந்தாரி இறங்காமலே போனைத் தூக்கி வீட்டைப் படம் எடுத்தான், மரத்தடிக் கதிரைகளையும் சேர்த்து எடுத்தான், திருப்பிக்கொண்டு போய்விட்டான். பத்து நிமிசத்தில் அந்தப் படம் அவளுடைய போனுக்கே வந்து சேர்ந்தது: 'சோகத்தில் மூழ்கிய நிவேதனாவின் இல்லம்.'

பத்து மணி. போனில் இரங்கல் மழைபோலக் கொட்டுகிறது, படலை மட்டும் அசையவில்லை. தர்சிகாவின் ஸ்கூட்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனாள். ஒரு ஈ காக்கை இல்லை. தான் உண்மையாகச் செத்தாலும் இதே கதைதான் என்று அவளுக்கு விளங்கியது. ஆறு கதிரை தேவையில்லை, ஒன்றே காணும். அதுவும் பத்மாவதி அம்மாவுக்கு.

எழும்பிப் போய்க் கதிரைகளை எடுப்போம் என்று வெளியே வந்தாள். படலை திறக்கிற சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு பழைய சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு நமசிவாயம்.

வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், ஆனால் கால் கழுவவில்லை. வெங்காயத் தோட்டத்துச் செம்மண் கணுக்கால் வரை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் பூட்டியிருந்தன. கரியரில் ஒரு பை, சணல் கயிற்றால் கட்டியது. பண்டத்தரிப்பிலிருந்து மானிப்பாய், சுதுமலை தாண்டி இந்த வெயிலில் சைக்கிள் உழக்கி வந்திருக்கிறார், அறுபத்தொன்பது வயது மனுசன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் முதலில் கதிரைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தலையில் எண்ணெய் வழிய, பழைய நைற்றியில், கையில் ஒரு கதிரையோடு நின்றாள். சைக்கிள் அவர் கையிலிருந்து நழுவி மதிலில் சாய்ந்தது.

"அப்பா," என்றாள்.

அவர் இரண்டடி நடந்து, கிட்ட இருந்த கதிரையில் பொத்தென்று இருந்தார். துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கியது. அவள் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் முழுவதையும் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"செத்திட்டாய் எண்டு மதிலிலை கிடக்குது," என்றார்.

"படத்துக்கு ஒட்டினது அப்பா. கழட்ட மறந்துபோச்சினம்."

"பேரைக் காணக் கண்ணாடி கொண்டுபோகேல்லை. முகம் தெரிஞ்சுது. அது காணுமெல்லோ."

"சந்தையிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ, உது படத்துக்கு எண்டு?"

"என்னட்டை உன்ரை பேச்சை ஆர் எடுக்கிறவை?" என்றார் நமசிவாயம். "இண்டைக்குத்தான் வெங்காயம் கொண்டுபோனனான். நான் மதிலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன், எல்லாரும் என்னைப் பாக்காமல் வேறை பக்கம் திரும்பி நிக்கிறாங்கள். அது எனக்குப் பாவம் பாக்கிறாங்கள் எண்டு நினைச்சன். வெங்காயத்தை அப்பிடியே போட்டிட்டு வீட்டை போய், உடுப்பை மாத்திக்கொண்டு வாறன்."

ஜாம் மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நமசிவாயத்தின் மூச்சு அமைதியானது. அமைதியாக ஆகக் கோபம் வந்தது. சுற்றிவரப் பார்த்தார். கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றம். வரிசையாக வைத்த கதிரைகள்.

"அப்ப உந்தக் கதிரையள் எதுக்கு?" என்று கேட்டார். "உதுவும் நடிப்போ?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இரண்டு வருஷமாகப் பயந்தது. இல்லை அப்பா, வேறு ஆருக்கோ வைத்தது என்று ஒரு பொய் சொல்லலாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதா, அதுதானே தொழில். ஒரு வார்த்தை தவறினால் இந்த மனுசன் எழும்பிப் போய்விடுவார், பிறகு உண்மையாகச் செத்தாலும் வரமாட்டார். கண்ணீர் வரப்போகிறதோ என்று பயந்து நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். அவருக்கு முன்னால் அழக் கூடாது, எது நடந்தாலும் அழக் கூடாது.

"போஸ்ரர் ஒட்டிக் கிடந்தது எனக்கு விடியத்தான் தெரியும்," என்றாள். "கழட்டட்டோ எண்டு கேட்டவங்கள். பிறகு பாப்பம் எண்டு சொன்னது நான்தான். கதிரை வைச்சதும் நான்தான்."

"ஏன்?"

"செத்தவீட்டுக்குச் சொல்லாமல்தானே சனம் வரும். எனக்கு ஆர் வருவினம் எண்டு பாக்க இருந்தனான்."

நமசிவாயம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தலை, மை இல்லாத கண், கண்ணுக்குக் கீழே கறுத்த வளையம். பஸ் நிலையத்துக் கட்டடத்தில் நிற்கிற முகத்துக்கும் இதற்கும் அவருக்குச் சம்பந்தம் தெரிந்ததோ என்னவோ.

"ஆர் வந்தவை?" என்று கேட்டார்.

"நீங்கள்தான்."

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை அப்பா."

அவர் குனிந்து காலில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் சுரண்டத் தொடங்கினார். சுரண்டிச் சுரண்டி ஒரு கால் முடிந்து மற்றக் காலுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பத்மாவதி அம்மா கோயிலால் வந்தா. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் குடை. நல்ல மனுசி, வாய்க்கும் மனதுக்கும் நடுவில் கதவு மட்டும் இல்லை. பஸ்ஸில் சனம் கதைத்ததைக் கேட்டுவிட்டு, "ஐயோ பிள்ளை, உன்னைச் செத்திட்டாய் எண்டெல்லோ சொல்லுதுகள்!" என்று கத்திக்கொண்டே படலைக்குள் நுழைந்தவ, மரத்தடியில் இருந்தவரைக் கண்டதும் நின்றா. குடையை மடக்கினா.

"உவர் திரும்பியும் வந்திட்டாரோ?" என்றா. "பிள்ளை, உவர்தான் போன தைப்பொங்கலண்டைக்குப் பையொண்டோடை உதிலை ஒரு மணித்தியாலமாய் நிண்டவர். நிவேதனாவைப் பாக்கவேணும் எண்டார். நடிகை கண்ட நிண்ட ஆக்களையெல்லாம் சந்திக்கிறேல்லை, போங்கோ எண்டு நான்தான் கலைச்சுவிட்டனான். அதுக்கு முதலும் ரெண்டு தரம் சைக்கிளிலை போகேக்கை வீட்டைப் பாத்துப் பாத்துப் போனவர். உந்த ரசிகர்மாரின்ரை தொல்லை..."

"அம்மா," என்றாள் சிவகௌரி. "இது என்ரை அப்பா."

பத்மாவதி அம்மாவின் தட்டில் இருந்த தேங்காய்ப் பாதி உருண்டு முற்றத்தில் விழுந்தது. "ஐயோ துர்க்கைத் தாயே" என்றா. தேங்காயை எடுக்கவும் மறந்து, தட்டோடு தன் பக்கத்துக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

"பொங்கலண்டு வந்தனீங்களோ?" என்று கேட்டாள் சிவகௌரி.

"வந்தனான்."

"சிவகௌரி எண்டு என்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே. அப்பா எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வெக்கமாயிருந்துது," என்றார் நமசிவாயம். "செத்திட்டாய் எண்டு சொன்ன வாயாலை எப்பிடித் தேப்பன் எண்டு சொல்லுறது? நடிகை ஆக்களைச் சந்திக்கிறேல்லை எண்டு சொல்லிச்சினம். நீ சொல்லச் சொன்னதாக்கும் எண்டு நினைச்சன். அது நியாயந்தானே எண்டும் நினைச்சன்."

"எனக்கு ஒண்டும் தெரியாது அப்பா."

"ஓம். இப்ப விளங்குது."

அவர் எழும்பிப் போய்க் கரியரில் இருந்த பையை அவிழ்த்துக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார். அவள் திறந்தாள். மேலே நாலாக மடித்த போஸ்ரர். மூலைகளில் சுண்ணாம்பு ஒட்டிக் கிடந்தது. கிழியாமல் உரிப்பதற்குத் தண்ணீர் தெளித்து நகத்தால் மெல்ல மெல்ல எடுத்திருக்க வேண்டும். அவளுடைய சிரிப்பு அப்படியே முழுதாக இருந்தது.

"மதிலிலை வெத்திலை துப்புவாங்கள்," என்றார். "விட்டிட்டு வர மனம் வரேல்லை. ஒண்டைத்தான் உரிக்க ஏலுமாயிருந்தது."

போஸ்ரருக்குக் கீழே வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு கூறைச்சேலை. விளம்பரத்துக் கூறை அல்ல. நாற்பது வருஷத்துக்கு முந்தியது, கரைச் சரிகை மங்கி, பெட்டிக்குள் போட்ட பூச்சிமுட்டை மணம் அடிக்கிற கூறை. அம்மாவின் கலியாணப் படத்தில் இருக்கிற அதே கூறை. அம்மாவை இதில்தான் எரிப்பார்கள் என்று ஊர் எதிர்பார்த்தபோது நமசிவாயம் வேறு சேலையை எடுத்துக் கொடுத்தார், ஏனென்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

"கொம்மா சொன்னவ, இதைத் தன்னோடை எரிக்க வேண்டாம், பிள்ளைக்கு வைச்சிருங்கோ எண்டு. உன்ரை கலியாணத்துக்கு எண்டுதான் வைச்சிருந்தனான்." அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். "இண்டைக்கு விடிய, இனி எங்கை கலியாணம் எண்டு நினைச்சு உனக்குப் போத்தக் கொண்டுவந்தனான்."

சிவகௌரி சேலையைத் தொடவில்லை. தொட்டால் நின்றிருக்க மாட்டாள். உள்ளங்கையில் நகம் பதிந்த இடத்தில் எரிந்தது.

"கொண்டுபோகப் போறியளோ?" என்று மட்டும் கேட்டாள்.

"அது உன்ரைதான். இருக்கட்டும்."

துவாயை உதறித் தோளில் போட்டார். தேத்தண்ணி போடட்டோ என்று அவள் கேட்டதற்கு, வெங்காயம் சந்தையில் கிடக்கிறது, மாடு ஆடு வாய் வைத்துவிடும் என்றார். சைக்கிளை நிமிர்த்தினார். படலையைத் திறந்தார். வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார். ஒரு சொல் சொல்லாமல் போனார்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து எழும்பினாலும் "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் எழும்புவோம். பக்கத்து வீட்டுக்கு நெருப்புப்பெட்டி கேட்டுப் போனாலும் அதைச் சொல்லாமல் திரும்புவதில்லை. செத்தவீட்டில் மட்டும் சொல்லக் கூடாது. அங்கே சத்தம் போடாமல் எழும்பிப் போய்விட வேண்டும். அவர் அப்படித்தான் போனார். சிவகௌரி படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்ததே பெரிது, இதற்குமேல் என்ன கேட்கிறாய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. சைக்கிள் செயினின் கிறீச் சத்தம் ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

போய்விட்டார் என்று நினைத்துப் படலையைச் சாத்தப்போனாள். மறுபடியும் கிறீச் என்றது. முடக்கிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நமசிவாயம் திரும்பி வந்தார். எதையோ மறந்துவிட்டுப் போனவரைப்போல முகம். படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"செத்தவீட்டுக்கு வந்த நினைப்பிலை பேசாமல் வெளிக்கிட்டிட்டன்," என்றார்.

அவள் சாத்தப்போன படலையைத் திரும்ப அகலத் திறந்தாள்.

"போட்டு வாறன் பிள்ளை," என்றார் நமசிவாயம்.

"ஓம் அப்பா. வாங்கோ."

அவர் தலையாட்டிவிட்டு ஏறிப் போனார். சைக்கிள் முடக்கால் திரும்பி, செயின் சத்தம் முழுதாக அடங்கும்வரை சிவகௌரி அசையாமல் நின்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். யன்னல்களைச் சாத்தினாள். மேசையில் அதிர்ந்துகொண்டிருந்த போனை நிறுத்தி வைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு, அம்மாவின் கூறையை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

எப்படி அழுதாள் என்று கேட்காதீர்கள். அதைப் பார்த்தவர் ஒருவருமில்லை.